ஓவர் கூலிங்: ஒரு சொல் போதுமா?

வணக்கம்.

வீட்டு ஃபிரிட்ஜ் பழுதுநீக்கும் கையேட்டில் ஒரு தலைப்புக்குச் சொல் வேண்டும். கீழறையில் வைத்த பால் உறைகிறது. கீரை விறைத்துப்போய், வெளியே எடுத்ததும் கொழகொழவென்று ஆகிவிடுகிறது. பின்சுவரை ஒட்டி வைத்த தயிரில் ஐஸ் கட்டுகிறது. பட்டறையில் இதற்குப் பெயர் 'ஓவர் கூலிங்'. வரைவில் 'மீக்குளிர்வு' என்று எழுதியிருக்கிறேன். குளிர்காற்றின் பாதையைத் திறந்து மூடும் டேம்பருக்குத் 'தணிப்பி', வெப்பநிலையை உணரும் தெர்மிஸ்டருக்கு 'வெப்பத்தடையம்'. மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.

* * *

> வரைவில் 'மீக்குளிர்வு' என்று எழுதியிருக்கிறேன்

மறுக்கிறேன். மீக்குளிர்வு இயற்பியலுக்குப் போய்விட்ட சொல். நீர் 0 டிகிரிக்குக் கீழே இறங்கியும் உறையாமல் நீராகவே நிற்பதுதான் அது. உங்கள் பாலோ உறைந்தே விட்டது! போதாக்குறைக்குக் குளிர்பதனத் துறையில் 'சப்கூலிங்' என்று இன்னொன்று உண்டு. கண்டென்சரில் (சூட்டை வெளியே விடும் குழாய்ச்சுருள்) திரவமாகிவிட்ட குளிர்பொருள் (குழாய்க்குள் சுற்றும் கேஸ்), ஒடுங்கும், அதாவது திரவமாகும், வெப்பநிலைக்கும் கீழே கொஞ்சம் குளிர்வது. அது பழுதல்ல, வேண்டிய நிலை. மூன்றும் ஒரே கையேட்டில் வரக்கூடியவை. ஆகவே சூப்பர்கூலிங் மீக்குளிர்வு, சப்கூலிங் தாழ்குளிர்வு, ஓவர் கூலிங் மிகைக்குளிர்வு என்று பிரித்துவிடலாம்.

'மிகை' என்றால் எதைவிட மிகை என்று உடனே கேள்வி வரும், எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். கீழறைக்கு 3 முதல் 4 டிகிரி செல்சியஸ், உறையறைக்கு −18. அளக்கும் முறையும் வேண்டும். கதவைத் திறந்தவுடன் காற்றின் வெப்பநிலை ஏறிவிடும், அதை நம்பக்கூடாது. நடுத்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர், அதற்குள் வெப்பமானி, இரவு முழுக்க விட்டுக் காலையில் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும். 2 டிகிரிக்குக் கீழே காட்டினால் மிகைக்குளிர்வு என்று வைத்துக்கொள்ளலாம். பால் ஏறத்தாழ −0.5இல்தான் உறையத் தொடங்கும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கு இது வெறும் கீரைச் சிக்கல் இல்லை. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். ஒருமுறை உறைந்தால், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். இதைக் கட்டம் கட்டிப் போடுங்கள்.

* * *

ஐயா சொன்ன மிகைக்குளிர்வு தலைப்புக்குச் சரி. ஆனால் அதன் கீழே ஒரே பழுதுப்பட்டியல் போட்டால் புதிதாகத் தொழில் கற்கும் பையன், கம்ப்ரசரை ஓடவிட்டு நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை மாற்றிவிட்டு வருவான், பழுது அப்படியே இருக்கும். பட்டறையில் ஓவர் கூலிங் என்கிற ஒரே பேச்சுக்குள் இரண்டு பழுது ஒளிந்திருக்கிறது.

இரட்டைக்கதவு ஃபிராஸ்ட் ஃப்ரீ (உறைபனி தானாக நீங்கும்) பெட்டியில் உறையறையையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அது −18ஐத் தாண்டி −25 பக்கம் போயிருந்தால் கம்ப்ரசர் நிற்கவில்லை. நாங்கள் 'கட் ஆஃப் ஆகல' என்போம். உறையறை −18லேயே இருந்து கீழறை மட்டும் 0 என்றால் கம்ப்ரசர் மேல் குற்றமில்லை, வேண்டாத நேரத்திலும் மேலிருந்து குளிர்காற்று இறங்குகிறது. முதலாவதற்கு 'நில்லாக் குளிர்வு', இரண்டாவதற்குக் 'கசிகுளிர்வு' என்று பெயர் வைத்தால், பெயரைக் கேட்டதுமே கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒற்றைக்கதவுப் பெட்டியில் மோட்டார் டேம்பர் கிடையாது, அங்கே பெரும்பாலும் நில்லாக் குளிர்வுதான். முதலில் குமிழைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள 1 முதல் 7 வரையான எண்கள் டிகிரி அல்ல, எண் கூடினால் குளிர் கூடும், அவ்வளவுதான். சித்திரையில் 6இல் வைத்தது மார்கழியிலும் 6லேயே நிற்கும். 3க்குக் கொண்டுவந்து 24 மணி நேரம் விட்டுப் பாருங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் குமிழை 0க்குத் திருப்புங்கள். 'டக்' என்று கேட்டுக் கம்ப்ரசர் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தெர்மோஸ்டாட்டில் கம்ப்ரசருக்கான இரண்டு வயரையும் கழற்றி, முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, மறுபடி பிளக்கைப் போடுங்கள். இப்போது கம்ப்ரசர் ஓடாவிட்டால் தெர்மோஸ்டாட்டின் காண்டாக்ட் (உள்ளே மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் முனை) ஒட்டிப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும். அப்போதும் ஓடினால் வயரிங்கில் எங்கோ நேரடியாக இணைந்திருக்கிறது.

0இல் நிற்கிறது, 3இல் தானாக நிற்கவே மாட்டேன் என்கிறது என்றால் வேறு கதை. தெர்மோஸ்டாட்டிலிருந்து போகும் மெல்லிய குழாயின் நுனி, ஐஸ் கட்டும் பெட்டியின் உலோகத்தோடு கிளிப்பில் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். கிளிப் தளர்ந்து நுனி காற்றில் தொங்கினால், உலோகம் எவ்வளவு குளிர்ந்தாலும் அது உணராது, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும். பலர் அந்தக் குழாயின் கேஸ் கசிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். கசிந்தால் காண்டாக்ட் திறந்தே கிடக்கும், பெட்டி குளிராமலே போகும். இரண்டும் நேர் எதிர்.

புது தெர்மோஸ்டாட் வாங்கும்போது துளை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கக்கூடாது, அதன் மாடல் எண்ணும் பொருந்த வேண்டும். மாடலுக்கு மாடல் கட் ஆஃப் வெப்பநிலை வேறு.

* * *

> டேம்பருக்குத் 'தணிப்பி'

இது அதிர்வை அடக்கும் கருவிக்கான சொல். இங்கே இருப்பது காற்றுப்பாதையில் திறந்து மூடும் சின்னத் தகடு. 'காற்றுமடல்' எப்படி? (நாம் இங்கே எழுதிக்கொள்வதும் மடல்தான், யாரும் குழம்ப மாட்டார்கள்.) கசிகுளிர்வு என்றதும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மடலின் விளிம்பில் ஈரம் உறைந்தால் அது பாதித் திறப்பில் சிக்கிக்கொள்ளும், காற்றுத் துளைக்கு நேரே வைத்த பொருள்தான் முதலில் உறையும். கீழறையை மிகக் குறைந்த குளிருக்கு வைத்து ஒரு மணி நேரம் கழித்து, கதவுச் சுவிட்சை விரலால் அழுத்தி விசிறியை ஓடவிட்டு, துளை முன்னால் டிஷ்யூ காகிதத்தைப் பிடியுங்கள். விசிறி ஓடும்போது அது படபடவென்று அடித்தால் மடல் மூடவில்லை.

பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து போட்டு, 8 முதல் 12 மணி நேரம் ஐஸ் தானாக உருகட்டும். கத்தி, ஸ்க்ரூடிரைவர் எதுவும் வேண்டாம். இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். குழாயில் துளை விழுந்து அது கசிந்தால் தீப்பற்றக்கூடும். உருகியபின் மடல் ஒழுங்காக வேலை செய்து, சில நாளில் மறுபடி சிக்கினால் கதவு ரப்பரைப் பாருங்கள், ஈரக்காற்று அந்த வழியாகத்தான் வருகிறது.

'வெப்பத்தடையம்' வேண்டாம். வெப்பத்தைத் தடுக்கும் பஞ்சு என்றுதான் படிப்பார்கள். கடையில் 'சென்சார்' என்று கேட்டுத்தான் வாங்குகிறோம், 'வெப்ப உணரி' போதும். சோதனை எளிது. நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் 5 நிமிடம் முக்கி, மல்டிமீட்டரில் ஓம் அளக்க வேண்டும். குளிரக் குளிரத் தடை ஏறும், 0இல் வரும் மதிப்பு 25 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. 25இல் 5 கிலோ ஓம் காட்டும் உணரி ஏறக்குறைய 15 கிலோ ஓம் காட்ட வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால், பெட்டி இன்னும் சூடாக இருக்கிறது என்றே கட்டுப்பாட்டு போர்டு நினைத்துக்கொண்டு குளிர்காற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

* * *

நன்றி. மிகைக்குளிர்வு தலைப்பு, அதன் கீழ் நில்லாக் குளிர்வும் கசிகுளிர்வும், காற்றுமடல், வெப்ப உணரி. நான்கும் ஏற்பு. 'கட் ஆஃப்' அப்படியே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. ஒற்றைக்கதவில் குளிர்பொருள் கேஸ் குறைந்திருக்கும்போது ஐஸ் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் பாறையாக உறைந்து, தெர்மோஸ்டாட்டின் மெல்லிய உணர்குழாய் இருக்கும் பக்கம் குளிராமல், கம்ப்ரசரும் நிற்பதில்லை. இதை எங்கே சேர்ப்பது?

* * *

நில்லாக் குளிர்வின் கடைசியில் போடுங்கள், 'உறைபனி ஒரு பக்கம் மட்டும் இருந்தால்' என்ற அடையாளத்தோடு. தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் இதைப் பார்க்கச் சொல்லி ஒரு வரியும் சேருங்கள்.