எல்எம்317 பவர் சப்ளை: 12 வோல்ட்டில் இரைச்சல், 5 வோல்ட்டில் கடும் சூடு

கேள்வி

வணக்கம். வீட்டில் சிறு சர்க்யூட்களைச் சோதிப்பதற்காக, 1.25 வோல்ட்டிலிருந்து 15 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளக்கூடிய பவர் சப்ளை ஒன்றை எல்எம்317 என்ற வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் ஐசியை வைத்துச் செய்துவருகிறேன். என்னிடம் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12 வோல்ட், 1 ஆம்பியர் வகை. முதலில் அதன் நடு முனையையும் ஓர் ஓர முனையையும் மட்டும் எடுத்து, ஏசியை டிசியாக்க நான்கு 1என்4007 டயோடுகளால் பிரிட்ஜ் அமைத்து, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இணைத்தேன். அவுட்புட்டை 12 வோல்ட்டில் வைத்து, சுமார் 0.8 ஆம்பியர் இழுக்கும் ஆடியோ ஆம்ப்ளிஃபயரை இணைத்தால், ஸ்பீக்கரில் உம்மென்ற இரைச்சல் கேட்கிறது. வோல்ட்டேஜும் 10-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது.

இரு ஓர முனைகளையும் எடுத்து 24 வோல்ட்டாகப் பயன்படுத்தியபோது இரைச்சல் நின்றது. ஆனால் 5 வோல்ட்டில் வைத்து அதே அளவு கரண்ட் எடுத்தால், ஐசி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிச் சிறிது நேரத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. ஹீட் சிங்க்கைப் பெரிதாக்கினால் போதுமா, அல்லது அமைப்பையே மாற்ற வேண்டுமா? இதே சப்ளையில் நான் செய்யும் மீடியம் வேவ் ரேடியோவையும் இயக்க விரும்புவதால், இரைச்சல் இல்லாமல் இருப்பது எனக்கு முக்கியம்.

முதல் பதில்

உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும் மூலம் ஒன்றுதான்: ரெகுலேட்டருக்குள் நுழையும் வோல்ட்டேஜ் முதல் அமைப்பில் குறைவாகவும், இரண்டாவதில் மிக அதிகமாகவும் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகிவிடும்.

12 வோல்ட் ஏசியின் உச்சம் 17 வோல்ட். பிரிட்ஜில் எந்நேரமும் இரண்டு டயோடுகள் வழியாகக் கரண்ட் செல்வதால் ஏறத்தாழ 1.4 வோல்ட் கழிந்து, கெப்பாசிட்டரில் 15.6 வோல்ட் நிற்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கெப்பாசிட்டர் நொடிக்கு 100 முறை நிரம்புகிறது; இடைப்பட்ட 10 மில்லி நொடியில் 0.8 ஆம்பியரை அது தனியாகத் தர வேண்டும். 1000 மைக்ரோஃபாரட் என்றால் அந்த இடைவெளியில் வோல்ட்டேஜ் அதிகபட்சம் 8 வோல்ட் வரை சரியும். எல்எம்317 ஒழுங்காக வேலை செய்ய, உள்ளே வருவது வெளியே செல்வதைவிட 2 வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும்; 12 வோல்ட் கேட்கும் உங்களுக்கு எந்தக் கணத்திலும் 14-க்குக் கீழே போகக் கூடாது. அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளம் அப்படியே அவுட்புட்டுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் கேட்ட இரைச்சல் அதுதான்.

கெப்பாசிட்டரை 4700 மைக்ரோஃபாரட் ஆக்கினால் சரிவு 1.7 வோல்ட்டாகக் குறையும். அப்போதும் அடிமட்டம் 13.9 வோல்ட்தான்; 12 வோல்ட்டுக்கு அது விளிம்பில் நிற்பது, மின்சாரம் சற்றுக் குறைந்தாலே இரைச்சல் திரும்பிவிடும். ஆகவே 0-15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. அதில் உச்சம் 19.8 வோல்ட், அடிமட்டம் 18 வோல்ட் கிடைக்கும் என்பதால் 15 வோல்ட் வரை நிம்மதியாக எடுக்கலாம். கெப்பாசிட்டர் 35 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

வாங்கும்போது ஆம்பியரையும் கவனியுங்கள். பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் சேர்ந்த அமைப்பில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கரண்ட் சிறு சிறு பாய்ச்சல்களாக எடுக்கப்படுவதால், 1 ஆம்பியர் என்று எழுதப்பட்ட டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டிசியாக 0.6 ஆம்பியர் அளவே தொடர்ந்து எடுக்கலாம். உங்கள் தேவைக்கு 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர்தான் சரி. 1என்4007 டயோடுகளை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் தாங்கும் 1என்5408 போடுங்கள்.

இரண்டாம் பதில்

இவ்வளவு சிரமம் எதற்கு? பழைய லேப்டாப் அடாப்டருடன் வோல்ட்டேஜை ஸ்விட்ச்சிங் முறையில் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வர்ட்டர் மாட்யூலை இணைத்தால், சூடும் இல்லை, எடையும் இல்லை.

முதல் பதில் எழுதியவர்

டிஜிட்டல் சர்க்யூட்களுக்கு அது நல்ல வழி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அடாப்டரும் மாட்யூலும் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஸ்விட்ச் ஆகிக்கொண்டிருப்பவை. அவற்றின் ஹார்மானிக்குகள் (அந்த அதிர்வெண்ணின் மடங்குகள்) மீடியம் வேவ் அலைவரிசைக்குள்ளேயே விழும். ரேடியோ செய்பவருக்கு, இப்படி ஸ்விட்ச் ஆகாத லீனியர் சப்ளை பாரமாக இருந்தாலும் அமைதியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

விளக்கத்திற்கு மிக்க நன்றி. ஒரே ஓர் ஐயம். ஐசியின் டேட்டா ஷீட்டில் 1.5 ஆம்பியர் என்று இருக்கிறதே. அதில் பாதியளவு கரண்ட்டிலேயே ஏன் நின்றுவிடுகிறது?

மூன்றாம் பதில்

1.5 ஆம்பியர் என்பது உள்ளே வருவதற்கும் வெளியே செல்வதற்கும் உள்ள வேறுபாடு 15 வோல்ட் அளவுக்குள் இருக்கும்போதுதான் பொருந்தும். அதற்கு மேல் போனால் ஐசி தன்னைக் காத்துக்கொள்ளக் கரண்ட்டைத் தானே குறைக்கும். வேறுபாடு 40 வோல்ட்டை எட்டும்போது பொதுவாக 0.4 ஆம்பியர் அளவே தரும்.

அதற்கும் முன்பே சூடு குறுக்கிடுகிறது. உங்கள் 24 வோல்ட் அமைப்பில் சரிவைக் கழித்தால் சராசரியாக 28.5 வோல்ட் உள்ளே வருகிறது. 5 வோல்ட் போக மீதி 23.5 வோல்ட்டை 0.8 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட். இது முழுவதும் அந்தச் சிறிய ஐசிக்குள் வெப்பமாகிறது. ஐசியின் உட்பகுதிக்கும் அதன் உலோகத் தகட்டுக்கும் இடையே ஒரு வாட்டுக்கு 4 முதல் 5 டிகிரி, தகட்டுக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவே மின்காப்புக்காக வைக்கும் மைக்கா தாளுக்கு ஏறத்தாழ இன்னும் 1 டிகிரி என வைத்தால், உட்பகுதி ஹீட் சிங்க்கைவிடக் குறைந்தது 95 டிகிரி கூடுதலாக இருக்கும். உட்பகுதிக்கு உச்ச வரம்பு 125 டிகிரி. அப்படியானால் ஹீட் சிங்க் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை மாதத்தில் நம் வீட்டுச் சுவரே அதைவிடச் சூடாக இருக்கும். எவ்வளவு பெரிய அலுமினியத்தை மாட்டினாலும் இது தீராது. 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாறினால் அதே 5 வோல்ட்டில் 11 வாட்தான் வரும். துடுப்புகள் கொண்ட நல்ல ஹீட் சிங்க் அதைத் தாங்கும். தகடு உள்ளுக்குள் அவுட்புட் காலுடன் இணைந்தது என்பதால், ஹீட் சிங்க் பெட்டியைத் தொடுமானால் மைக்கா தாளும் ஸ்க்ரூவுக்கு இன்சுலேட்டர் வளையமும் கட்டாயம்.

டிஐபி2955 போன்ற பிஎன்பி டிரான்சிஸ்டரைச் சேர்த்துச் சுமையைப் பகிரலாம் என்றும் சிலர் சொல்வார்கள். உங்கள் கரண்ட்டுக்கு அது தேவையில்லை. மேலும் ஐசிக்குள் இருக்கும் வெப்பப் பாதுகாப்பு அந்த டிரான்சிஸ்டரைக் காக்காது.

ரெசிஸ்டர்களையும் பாருங்கள். அவுட்புட் காலுக்கும், வோல்ட்டேஜைத் தீர்மானிக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே பல படங்களில் 240 ஓம் காட்டியிருப்பார்கள். எல்எம்317-க்குக் குறைந்தபட்சம் 10 மில்லி ஆம்பியர் வரை சுமை தேவைப்படலாம். 240 ஓம் வழியாக 5 மில்லி ஆம்பியரே செல்வதால், எதுவும் இணைக்காதபோது வோல்ட்டேஜ் ஏறி நிற்கக்கூடும். 120 ஓம் போட்டால் அந்தக் கவலை இல்லை. 15 வோல்ட்டுக்கு அப்போது அட்ஜஸ்ட் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1320 ஓம் வேண்டும், 2.2 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டருடன் 3.3 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பேரலலாக இணைத்தால் சரியாக அதே மதிப்பு வரும். இந்த 120 ஓமை ஐசியின் காலிலேயே சால்டர் செய்யுங்கள். பொட்டென்ஷியோமீட்டரின் கிரவுண்ட் முனையை அவுட்புட் டெர்மினலின் நெகட்டிவ் முனைக்குத் தனி வயராகக் கொண்டுபோங்கள். கெப்பாசிட்டருக்குக் கரண்ட் பாயும் வயரில் நடுவே சேர்த்தால், 4700 மைக்ரோஃபாரட் போட்ட பின்பும் இரைச்சல் கேட்கும். அட்ஜஸ்ட் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் இணைத்தால் ரிப்பிள் (டிசியில் எஞ்சும் ஏற்ற இறக்கம்) ஒடுக்கம் 65 டெசிபெல்லிலிருந்து 80 டெசிபெல் அளவுக்கு உயரும். அந்தக் கெப்பாசிட்டர் ஐசி வழியாக டிஸ்சார்ஜ் ஆகாதபடி, அட்ஜஸ்ட் காலிலிருந்து அவுட்புட்டை நோக்கி ஒரு டயோடு போட மறக்க வேண்டாம்.

நான்காம் பதில்

230 வோல்ட் பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். ஃபியூஸும் ஸ்விட்ச்சும் ஃபேஸ் வயரில் வர வேண்டும். 15 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 30 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் 230 வோல்ட் பக்கத்தில் 0.13 ஆம்பியரே எடுக்கும். ஆன் செய்யும் கணத்தில் வரும் பாய்ச்சலைத் தாங்க 250 மில்லி ஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போடுங்கள். பெட்டி உலோகமானால் மூன்று பின் பிளக்கின் பச்சை எர்த் வயரைப் பெட்டியில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்கமாக ஸ்க்ரூ செய்ய வேண்டும். முதல்முறை ஆன் செய்யும்போது 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியலில் வையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் மின்னி அணைந்தால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயரை உடனே இணைக்காமல், 15 ஓம், 20 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை முதலில் சுமையாக வையுங்கள். 12 வோல்ட்டில் அது சரியாக 0.8 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு, வோல்ட்டேஜ் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகு ரேடியோவை இணைக்கலாம்.