கிந்தன் ஏறிய ரயிலும் நம் கோச்சியும்: கலைவாணரை நம் மேடைக்குக் கொண்டுவரலாமா?

பதுளை டீச்சர்:
ஆகஸ்ட் 30 கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனின் நினைவு நாள். அன்று மாலை இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் இளைஞர்கள் சிலர் ஒலிவாங்கியுடன் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சி ஒன்றை ஒழுங்கு செய்திருக்கிறார்கள். ஸ்டாண்ட்-அப் என்கிறார்கள். பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கலைவாணரின் ‘கிந்தனார்’ கதாகாலட்சேபத்தில் ஒரு பகுதியைச் செய்து அதைத் தொடங்கலாம் என்று நான் சொன்னபோது, அது இந்தியச் சினிமாக்காரர் ஒருவரின் பழைய உபதேசம், நமக்கு அது எதற்கு என்று ஒரு தம்பி கேட்டார். அவர் கேள்வியை இங்கே எல்லோர் முன்னும் வைக்கிறேன்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். 1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்து, நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்று, வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து நடிகரானவர் அவர். படத்துக்கு வந்த பின்னும், யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காமல், தன் குழுவோடு நகைச்சுவைப் பகுதிகளைத் தனியாகவே உருவாக்கிக் கொடுத்தார். ‘கிந்தனார்’ அவருடைய உச்சம். சிதம்பரம் போகத் தவித்த நந்தனாரின் சரித்திரத்தை ஊரெல்லாம் பாகவதர்கள் பாடிக்கொண்டிருந்த காலத்தில், அதே பாகவதர் கோலத்தில், அதே பாணியில், பள்ளிக்கூடம் போகத் தவித்த கிந்தன் என்ற ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவனின் கதையை அவர் சொன்னார். கேட்பவர் காதில் பழைய கதை ஓடிக்கொண்டிருக்கும். கோயில் வரவேண்டிய இடத்தில் பள்ளிக்கூடம் வரும். அந்த இடத்தில்தான் சிரிப்பு எழும். ஒரே ஆள் நின்று சபையைக் கட்டிப்போடும் இந்த வித்தையைக் கற்க நம் பிள்ளைகளுக்கு அவரைவிட நல்ல ஆசான் கிடைக்கமாட்டார்.

மேல்பிரிவு:
அந்தத் தம்பி நான்தான், டீச்சர். மரியாதையோடு மறுக்கிறேன். இன்று தனியாக மேடையில் நிற்பவன் தன் வீட்டையும் தன் காயத்தையும் பேசுகிறான். கலைவாணரோ மக்களுக்குப் புத்தி சொன்னார். 1949இல் வந்த ‘நல்லதம்பி’ மதுவிலக்கைப் பேசிய படம். குடிக்காதே என்று தொழிலாளியிடம் சொல்வது சுலபம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் தவறணை என்ற மதுக்கடையைத் திறக்க அனுமதித்தவர்கள் யார் என்று கேட்பதுதான் கடினம்.

அதைவிட எனக்கு உறுத்துவது ரயில். கிந்தன் ஊரைவிட்டு ரயிலேறிப் பட்டணம் போகிறான், படிக்கிறான், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அங்கே ரயில் விடுதலை. இங்கே அப்படியா? இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம் மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. எங்கள் அப்பாயியின் தங்கை குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போக தலவாக்கலையில் கோச்சி, அதாவது ரயில், ஏறிய அன்று, அப்பாயி ஒரு பழைய சேலைத் துண்டில் தேயிலைத் தூளை முடிந்து எடுத்துப் போயிருக்கிறார். கோச்சி நகரத் தொடங்கிய பிறகுதான் சன்னல் வழியாக அதைக் கொடுக்க முடிந்ததாம். முடிச்சு அவிழ்ந்து பாதித் தூள் தண்டவாளத்தில் கொட்டியதை, சாகும்வரை கையை விரித்துக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோச்சிகளுக்கு நம் மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் ரயிலைப் புகழ்ந்து பாடச் சொல்கிறீர்களா?

நாவலப்பிட்டி வாசகன்:
தம்பி சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். கலைவாணரின் தொடக்க காலப் படமான ‘சதி லீலாவதி’ 1936இல் வெளிவந்தது. எங்கள் ஊரில் பிறந்த எம்.ஜி.ஆருக்கு அது முதற்படம். அதன் நாயகன் குடியால் கெட்டு, கொலை செய்துவிட்டதாக எண்ணி இலங்கைக்கு ஓடிவந்து, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்து, புதையல் கிடைத்துப் பணக்காரனாகிறான். நம் பாட்டன்மார் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனோடு இங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கதைக்கு நம் மண், ஒரு பணக்காரன் பாவம் கழுவ வந்த இடம் மட்டுமே. கதை எஸ்.எஸ்.வாசனுடையது, கலைவாணர் அதில் நடித்தவர்களில் ஒருவர். ஆகவே பழியை அவர்மேல் போடவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துச் சினிமா நம்மை எந்த இடத்தில் வைத்துப் பார்த்தது என்பதை அவரைக் கொண்டாடும் நாளில் மறைக்கக்கூடாது.

கொழுந்துக்கூடை:
மேல்பிரிவுத் தம்பிக்கு ஒன்று சொல்லவேண்டும். தவறணை யாருடைய அனுமதியில் திறந்தது என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் சம்பள நாள் இரவில் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீட்டில், கதவை உட்பக்கம் சாத்திக்கொண்டு, பிள்ளைகளை மூலையில் உட்காரவைத்துக் காத்திருந்த பெண்ணுக்கு, குடித்துவிட்டு வருகிறவனைப் பார்த்துச் சபையே சிரிக்கும் காட்சி உபதேசம் இல்லை. தன் பக்கம் நின்று பேச ஓர் ஆள் வந்திருக்கிறான் என்றுதான் அவள் நினைப்பாள். என் அம்மா அப்படி நினைத்தார். குடித்தவனைக் கேட்பதும் குடிக்கவைத்தவனைக் கேட்பதும் ஒரே மேடையில் நடக்கட்டும். ஒன்றுக்காக மற்றதை ஏன் விடவேண்டும்?

கலைவாணரின் மனைவி டி.ஏ.மதுரம் அம்மையாரை இதுவரை ஒருவரும் குறிப்பிடவில்லை. கணவர் சிறையிலிருந்த காலத்தில் நாடக சபையைக் கலைந்துபோக விடாமல் நடத்தியவர் அவர். அவர் பெயரில்லாமல் நினைவு நாள் நடத்தினால் நான் வரமாட்டேன்.

பதுளை டீச்சர்:
மதுரம் அம்மையாரை நான் விட்டது தவறு, ஏற்றுக்கொள்கிறேன்.

தம்பி, தன் காயத்தைப் பேசவில்லை என்றீர்கள். 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகைக்காரர் கொலையானார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கலைவாணரும் கைதாகி, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்குப் போய், 1947 ஏப்ரலில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். பாகவதரால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியவில்லை. கலைவாணரோ வெளியே வந்ததும் சிறைக்குப் போய்வந்ததையே ஒரு படப்பாட்டுக்குப் பொருளாக்கினார். தன்மேல் விழுந்த களங்கத்தை ஊரறியச் சிரிப்பாக்கத் துணிந்தவரைக் காயம் பேசாதவர் என்று எப்படிச் சொல்வது?

ரயிலைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அதற்கு என்னிடம் மறுப்பில்லை. ஆனால் கலைவாணர் நந்தனாரை எடுத்து என்ன செய்தார் என்று பாருங்கள். ஊர் போற்றிய கதையின் சட்டகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, போகும் இடத்தை மாற்றினார். கிந்தனாரையும் அப்படியே எடுத்து, கோச்சியைத் தலைமன்னாருக்குத் திருப்பும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. கேட்பவர் பட்டணத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்தத் தேயிலை முடிச்சைச் சொன்னால், சிரித்துக்கொண்டிருந்த சபை என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

மேல்பிரிவு:
சிறைப்பாட்டு எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் என் பேச்சு தவறு. அம்மாவைப் பற்றி அக்கா எழுதியதற்குப் பிறகு தவறணை விடயத்திலும் நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன்.

ஆனால் முடிவு இன்னும் உறுத்துகிறது. கிந்தன் அதிகாரியாகி வந்தான், சரி. அவனோடு மாடு மேய்த்த பிள்ளைகள் எங்கே? எங்கள் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்களில் நான் ஒருவன்தான் ஆசிரியர் கலாசாலை வரை போனேன். மற்றவர்கள் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். நான் படித்து வந்த பிறகும் எங்கள் லயத்துக் கூரை அதே தகரம்தான். ஒருவன் தப்பித்ததைக் காட்டிக் கைதட்டல் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கோச்சிப் பகுதியை நான் எழுதுகிறேன், ஆனால் அதிகாரி வரும் காட்சியை எடுத்துவிடவேண்டும்.

பதுளை டீச்சர்:
எடுக்கமுடியாது, தம்பி. முன் வாங்கில் உட்காரப்போவது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள். கிந்தன் திரும்பிவருவதை அவர்கள் பார்க்கவேண்டும். வந்தவன் அந்தத் தகரக் கூரையைப் பார்த்து என்ன சொல்கிறான் என்பதை நீங்கள் எழுதுங்கள். ஒத்திகை சனிக்கிழமை மாலை, கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு. அப்பாயி சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுதிக்கொண்டு வாருங்கள்.