சாப்பு சொல்வதும் சொல்லாததும்: நகல் உறுதிப்படுத்தப் போன அனுபவம்

போன வருசம் அம்மா தவறிட்டாங்க. மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துல 28 வருசம் பால்மரம் வெட்டினவங்க. அவங்க பேருல இருந்த பணத்துக்கு மனு போடப் போனப்ப, என் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), ஐசி (அடையாள அட்டை), அம்மாவோட இறப்புப் பத்திரம் மூணுக்கும் உறுதிப்படுத்திய நகல், அதாவது அசலும் இதுவும் ஒண்ணுதான்னு கையெழுத்தும் சாப்பும் (முத்திரை) போட்ட நகல் கேட்டாங்க. "போட்டோஸ்டாட் எடுத்து சாப்பு வாங்கிட்டு வாங்க," அவ்வளவுதான் கவுண்டர்ல சொன்னது. யார்கிட்ட வாங்கணும்னு நானும் கேக்கல.

முதல்ல தோட்டத்து ஆபிசுக்குப் போனேன். பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) அம்மாவை நல்லாத் தெரிஞ்சவரு. உடனே கையெழுத்துப் போட்டு ஆபிஸ் சாப்பையும் குத்திக் குடுத்தாரு. கவுண்டர்ல திருப்பிட்டாங்க. தோட்டம் கம்பெனியோடது, அரசாங்க ஆபிஸ் இல்ல. அம்மாவைத் தினமும் பெரட்டுல (காலையில ஆள் கணக்கெடுக்குற இடம்) பார்த்தவரோட சாப்பு செல்லாதுன்னதும் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு. ஆனா மனுப் பாரத்தோட (படிவம்) பின்பக்கத்துலயே யார் யார் உறுதிப்படுத்தலாம்னு சின்ன எழுத்துல போட்டிருந்தாங்க: அரசாங்க உயர் அதிகாரி, பள்ளித் தலைமையாசிரியர், பெங்குலு (வட்டாரத் தலைவர்), சத்தியப் பிரமாண ஆணையர். இது பாரத்துக்குப் பாரம் மாறும். அதை முதல்ல படிங்க.

மறுநாள் நான் படிச்ச தமிழ்ப்பள்ளிக்கே போனேன். தலைமையாசிரியை நகல்களை வாங்கிப் பார்த்துட்டு, "அசல் எங்க தம்பி?"ன்னாங்க.

"வீட்டுல இருக்கு டீச்சர்."

"அசலைப் பாக்காம கையெழுத்துப் போட்டா அது பொய்க் கையெழுத்துப்பா. போய் எடுத்துட்டு வாங்க, நான் ரெண்டு மணி வரைக்கும் இருப்பேன்."

மோட்டார்ல வீட்டுக்குப் போய் அம்மாவோட பிஸ்கட் டின்னை அப்படியே தூக்கிட்டு வந்தேன். பத்திரம் ஒவ்வொண்ணையும் ரொட்டிப் பையில சுத்தி ரப்பர் போட்டு வெச்சிருந்தாங்க அம்மா.

டீச்சர் செஞ்சதை நான் மறக்க மாட்டேன். அசலை இடது பக்கம், நகலை வலது பக்கம் வெச்சு, அடிக்கோலை ஒரு வரிக்குக் கீழ வெச்சு வெச்சுப் படிச்சாங்க. ஐசியோட 12 எண்ணையும் ஒண்ணொண்ணா வாய்விட்டு: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்து 08, அது பேராக் மாநிலத்துக்கு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாள்ல வரணும்னு ஐசியை மட்டும் திரும்ப எடுக்கச் சொன்னாங்க. 'சாலினான் டியாகுய் சாஹ்' (உறுதிப்படுத்திய நகல்) சாப்பு, கையெழுத்து, பேரு, பதவி, தேதி எல்லாம் ஒவ்வொரு தாள்லயும் போட்டாங்க. ஐசி நகல்ல குறுக்கே ரெண்டு கோடு போட்டு, நடுவுல எந்தக் காரியத்துக்குன்னு எழுதுங்கன்னாங்க. வேற எதுக்கும் அந்த நகலை யாரும் எடுத்துப் பயன்படுத்தாம இருக்கத்தான்.

அம்மா பேர் வந்த இடத்துல அடிக்கோல் நின்னுடுச்சு. இறப்புப் பத்திரத்துல பேரோட கடைசி எழுத்து ஒய். என் சூராட் பெரானாக்குல ஐ. அந்தக் காலத்துல அம்மா சொன்னதைக் காதால கேட்டு யாரோ எழுதினது. அம்மாவுக்கு ரூமி (மலாய் எழுதுற ஆங்கில எழுத்து) படிக்கத் தெரியாது, சரியான்னு பார்த்திருக்க முடியாது.

"நகலும் அசலும் ஒண்ணுதான்னு என் சாப்பு சொல்லும். இந்த ரெண்டு பேரும் ஒரே ஆளோடதுன்னு அது சொல்லாது"ன்னாங்க டீச்சர். சாப்பு வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சுட்டு இருந்த எனக்கு அப்பதான் விளங்குச்சு. பேர் வித்தியாசத்துக்கு 1960-ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டப்படி தனியா சத்தியப் பிரமாணம், அதாவது அகுவான் பெர்கானுன் செய்யணும். கடைவீதி மாடியில இருக்குற பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) ஆபிசுல அதை முடிச்சேன். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுட்டுப் போகாதீங்க, அவர் கண் முன்னாலதான் போடணும். நகல்களோட அதையும் சேர்த்துக் குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க. என் பத்திரத்துல இருக்குற பிழையைத் திருத்தப் பதிவிலாகாவுல தனியா மனு போட்டிருக்கேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க. தோட்டத்துல பிறந்த பாதிப்பேர் பத்திரத்துல இந்த மாதிரி ஓர் எழுத்து இருக்கும்.

*

தம்பி, அம்மா ஆத்மா சாந்தியடையட்டும். என் மகன் வெளிநாட்டுக் காலேஜுக்குப் பாரம் போட்டப்ப, நானும் பெங்குலுகிட்ட சாப்பு வாங்கித்தான் அனுப்பினேன். அங்க ஏத்துக்கல. நோட்டரி பப்ளிக் (பத்திரங்களை உறுதிப்படுத்த நியமிச்ச லாயர்) வேணும்னாங்க. எல்லா லாயரும் நோட்டரி இல்ல, அதுக்குத் தனி நியமனம் இருக்கு. அது தெரியாம ரெண்டு லாயர் ஆபிஸ் ஏறி இறங்கி, கடைசியில ஈப்போவுல கிடைச்சாரு. அப்புறம் புத்ராஜெயாவுல வெளியுறவு அமைச்சு முத்திரையும் கேட்டாங்க. ஒரு நாள் சம்பளம் போச்சு, பஸ் காசு வேற. வெளிநாட்டுக்குப் போற பத்திரமா இருந்தா, கேக்குற இடத்துல எழுத்துல பதில் வாங்கிட்டுக் கிளம்புங்க.

*

அண்ணே, எங்க அப்பா என் சூராட் பெரானாக்கை லேமினேட் பண்ணி வெச்சுட்டாரு, கெட்டுப் போகக் கூடாதுன்னு. உள்ளே எழுத்து மங்கி, போட்டோஸ்டாட்டுல கறுப்பாத்தான் விழுந்துச்சு. படிக்க முடியாத நகல்ல எப்படிக் கையெழுத்துப் போடுறதுன்னு அதிகாரி கேட்டாரு, நியாயம்தான். பதிவிலாகாவுக்குப் போய்ப் பிறப்புப் பதிவேட்டுலேர்ந்து புதுசா ஒண்ணு எடுத்தேன். அதை வெச்சு நகல் எடுத்தப்பதான் அப்பாவோட பழைய ஏழிலக்க ஐசி எண்ணைத் தெளிவாப் படிக்க முடிஞ்சுது.