வந்த கதவையே எச்ஐவி ஏன் பெயர்த்துப் போடுகிறது?

விலங்கியல்_டீச்சர்:
பிளஸ் டூ-வுக்குப் பாடம் எடுக்கிறேன். "நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தைப் பிடித்துத்தான் எச்ஐவி உள்ளே நுழைகிறது" என்று நேற்று சொல்லி முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "உள்ளே போனதும் அந்த சிடி4-ஐயே வைரஸ் அழித்துவிடுமாமே மிஸ், அதனால் அதற்கு என்ன லாபம்?" என்றாள். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

குளிர்பெட்டி_எண்பது:
அந்தப் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் டீச்சர். என் பிஎச்டி-யே இந்தக் கேள்விதான்.

வைரஸ் ஏற்றிய செல்களுக்கு, சிடி4-இல் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடி போட்டு, செல்களின் ஒளியை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் முதன்முதலாக ஓட்டியபோது, தொற்றாத செல்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. தொற்றிய கூட்டம் மட்டும் மங்கிக் கிடந்தது. ஆன்டிபாடி கெட்டுப்போயிற்று என்று நினைத்துப் புதிய குப்பியைத் திறந்தேன். அதே படம்.

இதைச் செய்வது முக்கியமாக வைரஸின் இரண்டு புரதங்கள்: நெஃப், விபியு. நெஃப் என்பது சுமார் 200 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னப் புரதம். தொற்றிய கொஞ்ச நேரத்திலேயே உருவாகிவிடும். செல் சவ்வின் உட்புறம் ஒட்டிக்கொண்டு, சிடி4-இன் வாலை ஏபி-2 என்ற புரதத்தோடு கோத்துவிடும். மேற்பரப்புப் புரதங்களை உள்ளே இழுக்கச் செல் தனக்கென்று வைத்திருக்கும் ஆள்தான் ஏபி-2. இழுபட்ட சிடி4 லைசோசோமில் செரித்துப் போகும். புதிதாக உருவாகும் சிடி4-ஐ மேலே வரவிடாமல் எண்டோபிளாச வலையிலேயே மடக்குவது விபியு.

லாபத்துக்கு வருகிறேன். புதிய வைரஸ்கள் வெளியேறும்போது அவற்றின் மேல் 'என்வ்' என்ற முள் புரதம் இருக்கும். சிடி4-ஐப் பிடிப்பதே அதன் வேலை. பிறந்த செல்லிலேயே சிடி4 நிறைய இருந்தால் முள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த செல்லைப் பிடிக்க முடியாது. இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சிடி4 பட்டதும் என்வ் விரிந்து, மறைத்து வைத்திருந்த பகுதிகளைக் காட்டிவிடும். நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆன்டிபாடிகள் அங்கே போய் ஒட்டும். அதைப் பார்த்து, தொற்றிய செல்களைக் கொல்லும் எதிர்ப்புச் செல்லான என்கே செல் வந்து அந்தச் செல்லையே கொன்றுவிடும். சிடி4 இல்லையென்றால் முள் மூடியே இருக்கும்.

செல்லுக்குள் இருக்கும் வைரஸின் துண்டுகளை வெளியே காட்டுபவை எச்எல்ஏ புரதங்கள். இதே நெஃப் அவற்றில் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி இரண்டையும் மேற்பரப்பிலிருந்து குறைக்கும். அதனால் கொல்லி டி செல்லுக்கு அடையாளம் கிடைக்காது. எச்எல்ஏ மொத்தமாகக் காணாமல் போனால் என்கே செல் சந்தேகப்படும் என்பதால் எச்எல்ஏ-இ-யை விட்டுவைக்கும்.

நெஃப் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சான்று உண்டு. சிட்னியில் ஒரே கொடையாளரிடம் ரத்தம் பெற்றுத் தொற்றியவர்கள் பல ஆண்டுகள் நோயின்றி இருந்தார்கள். அவர்களின் வைரஸில் நெஃப் மரபணுவில் ஒரு பகுதி இல்லை என்று 1995-இல் தெரிந்தது. ஆனாலும் அவர்களில் சிலருக்குப் பின்னாளில் எதிர்ப்பாற்றல் குறைந்தது. அதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

ஏஆர்டி_ஆலோசகர்:
ஒரு சந்தேகம் சார். எங்கள் எச்ஐவி சிகிச்சை மையத்தில் சிடி4 எண்ணிக்கை (ரத்தத்தில் சிடி4 உள்ள டி செல்களின் எண்ணிக்கை) 150 என்று குறைவாக ரிப்போர்ட் வந்தால், அது இப்படி மறைக்கப்பட்ட சிடி4-ஆ?

குளிர்பெட்டி_எண்பது:
இல்லைங்க. ரத்தத்தில் ஒரு நேரத்தில் வைரஸ் இருக்கும் டி செல்கள் மிகக் குறைவு. எண்ணிக்கை இறங்குவது செல்களே சாவதால்; வைரஸ் தொற்றாத பக்கத்துச் செல்களும் சேர்ந்து சாகின்றன. அதனால்தான் கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டால் எண்ணிக்கை மெல்ல ஏறுகிறது. உங்களிடம் வருகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம்.

விலங்கியல்_டீச்சர்:
ரொம்ப நன்றி சார். முள் விரிவதைக் கரும்பலகையில் வரைந்து காட்டப் போகிறேன். வரைவதை அவளிடமே விடலாம் என்றும் தோன்றுகிறது.