ஹீத்ரோ – ஜேஎஃப்கே: தூரமும் நேரமும் இடிக்குது, உதவுங்க

தாள்கணக்கன்:
வணக்கம். ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தா தூரமும் பறக்கும் நேரமும் வர்ற மாதிரி எக்செல்ல ஒரு ஷீட் போட்டிருக்கேன். சோதனைக்கு லண்டன் ஹீத்ரோ (51.47, -0.45), நியூயார்க் ஜேஎஃப்கே (40.64, -73.78). கோளத்துக்கான கோசைன் சூத்திரம், பூமியின் ஆரம் 6,371. தூரம் 7,705 கி.மீ. வருது. மணிக்கு 900 கி.மீ.ன்னா எட்டரை மணி நேரம். விமான கம்பெனி அட்டவணையில நியூயார்க் போக சுமார் 8 மணி நேரம், அது ஓகே. திரும்பி வர மட்டும் 7 தான். பூமி சுத்துறதாலயா?

காற்றாடி:
இல்லைங்க, பூமியோட சேர்ந்து காற்று மண்டலமும்தானே சுத்துது. இது ஜெட் ஸ்ட்ரீம், அதாவது ரொம்ப உயரத்துல வேகமா ஓடுற காற்று. அட்லாண்டிக் மேல மேற்கிலிருந்து கிழக்கா அடிக்கும். 2020 பிப்ரவரியில சியாரா புயல் சமயத்துல ஒரு 747, ஜேஎஃப்கேயிலிருந்து ஹீத்ரோவுக்கு 4 மணி 56 நிமிஷத்துல வந்துச்சு.

நாட்டிக்கல்:
காற்றெல்லாம் அப்புறம். தூரமே தப்பு. அந்த ரூட் ஏறக்குறைய 3,000 நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைல் 1,852 மீட்டர், பெருக்கிப் பாருங்க. எக்செல்லோட சைன், கோசைனுக்கு டிகிரி தெரியாது, ரேடியன்ங்கிற இன்னொரு கோண அலகுதான். 51.47-ஐ அப்படியே உள்ள தள்ளியிருப்பீங்க. ஒவ்வொரு கோணத்தையும் ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள்ள போடுங்க. தப்பான விடை அட்டவணையோட ஒட்டிப்போனது தற்செயல்.

தாள்கணக்கன்:
அடடா, அதேதான்! இப்போ 5,540. ஆனா 900-ஆல வகுத்தா 6 மணி 9 நிமிஷம். முன்னாடி வர்றது மட்டும்தான் இடிச்சுது, இப்போ போறதும் சேர்ந்து இடிக்குது.

நாட்டிக்கல்:
இடிக்கத்தான் செய்யும். அட்டவணையில இருக்கறது பிளாக் டைம், அதாவது கேட்டை விட்டுக் கிளம்பி அந்தப் பக்கம் கேட்ல நிக்கிற வரைக்கும். டாக்ஸி (விமானம் தரையில உருண்டு போறது), ரன்வேக்கு வரிசை, மேலே ஏறுறது, இறங்குறதுக்கு முன்னாடி வட்டம் அடிக்கிறது எல்லாம் அதுல அடக்கம். இதுக்கு ஒரு மணி நேரம் வைங்க. காற்று சராசரியா 100 கி.மீ.ன்னு வச்சா, போகும்போது 800, வரும்போது 1,000. விமானமும் உங்க 5,540 கோட்டுல அப்படியே போகாது. வட அட்லாண்டிக் தடங்களை அன்றாடம் காற்றைப் பார்த்துத்தான் மாத்தி வரையறாங்க. மேற்கே போற விமானம் எதிர்காற்றுக்குப் பயந்து சுத்திப் போகும், கிழக்கே வர்றது அதே காற்றைத் தேடிப் போய் ஏறிக்கும்.

தாள்கணக்கன்:
வேகத்தை ரெண்டு செல்லாப் பிரிச்சு ஒரு மணி நேரம் சேர்த்தாச்சு. போக 7:55, வர 6:32. கிட்ட வந்துருச்சு, போதும். உள்ளூர் நேரத்துக்கு 5 மணி வித்தியாசத்தை நிரந்தரமா எழுதிட்டேன்.

காற்றாடி:
அதை நிரந்தரமா எழுதாதீங்க. கோடை நேரத்துக்காக அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளும், பிரிட்டன் கடைசி ஞாயிறு. நடுவுல வித்தியாசம் 4 தான். அக்டோபர் கடைசியிலயும் ஒரு வாரம் இதே கதை.