ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு ஆன்லைன் கணக்குப் பாடம்: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி:
மகளுக்கு 10 வயது, வீட்டிலேயே படிக்கிறாள். 14 வயதானதும் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) பத்தாம் வகுப்புக்குப் பதியலாம் என்று திட்டம். பெருக்கல் நன்றாக வருகிறது. நீள்வகுத்தலிலும் பின்னத்திலும் தடுமாற்றம். அவள் வேகத்துக்கே போகிற பாடம் வேண்டும். கான் அகாடமி என்கிற இலவசப் பாடத் தளம் போதுமா, பீஸ்ட் அகாடமி மாதிரி கட்டணத் தளத்தில் பணம் கட்டிச் சேர்க்கணுமா? ஆங்கிலம் மெதுவாகத்தான் வாசிப்பாள்.

பதில் 1:
முதலில் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். கான் அகாடமி இலவசம். அமெரிக்க 4, 5ஆம் வகுப்புப் பாடங்களின் 'கோர்ஸ் சேலஞ்ச்' (முழுப் பாடத்துக்குமான தேர்வு) ஒவ்வொன்றும் 30 கேள்வி. இரண்டு நாளில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள் (அதுதான் கஷ்டம்). திரையில் வரும் மதிப்பெண்ணைவிட அவள் போட்டுப் பார்த்த தாள் முக்கியம்.

2/3 + 1/4 = 3/7 என்று இருந்தால் மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனி எண்களாக நினைக்கிறாள். அதற்கு வீடியோவை மறுபடி ஓட்டிப் பயனில்லை, காகிதத்தை மடித்துக் காட்டணும். கீழெண் 12 என்று சரியாக வந்து, மேலெண்ணுக்கான 8 + 3இல் சறுக்கினால் வெறும் அவசரம். 612 ÷ 6 = 12 என்றால் (சரியான விடை 102) ஈவில் பூச்சியம் போட மறக்கிறாள்; கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஓர் இலக்கம் என்று எழுதவைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வகுப்பு எண்ணை நம்பவேண்டாம். வேற்றினப் பின்னக் கூட்டல் (கீழெண் வேறு வேறாக உள்ளவை) அமெரிக்காவில் 5ஆம் வகுப்பு, என்சிஇஆர்டி (மத்தியப் பாடத்திட்ட) புத்தகத்தில் 6.

பதில் 2:
கான் அகாடமியில ஒரு பொறி இருக்குங்க. ஒரு பயிற்சிக்கு 4 அல்லது 7 கேள்விதான், எல்லாம் ஒரே மாதிரி. முதல் கணக்கைப் பார்த்து அச்சுல ஊத்துன மாதிரி மிச்சத்தையும் போட்டுடுவாங்க. நாலும் சரின்னா 'ப்ரொஃபிஷியன்ட்'னு (தேர்ச்சின்னு) காட்டும். அடுத்த வாரம் கலந்து கேட்டா எந்த முறையைப் போடறதுன்னே தெரியாது. அதுக்கு மேல இருக்கற 'மாஸ்டர்ட்' நிலை யூனிட் டெஸ்ட், கோர்ஸ் சேலஞ்ச் மாதிரி கலப்புத் தேர்வுல மட்டும்தான் கிடைக்கும், அதனால அதை மட்டும் கணக்குல எடுங்க. ஹின்ட் (உதவிக் குறிப்பு) தொட்டா அந்தக் கேள்வி தப்புன்னு பதிவாகும். அதைப் பிள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, இல்லன்னா அழுகைதான்.

தினம் 30 நிமிஷம், வாரம் 5 நாள். அதுல ஒரு நாள் புதுப் பாடம் வேண்டாம், பழசு மட்டும். ஒவ்வொரு கணக்குக்கும் படிகள் நோட்டுல இருக்கணும். தினம் ஐந்தை மட்டும் நீங்க பாருங்க. என்ஐஓஎஸ் தேர்வுல படிகளைத் தாள்லதான் எழுதணும், க்ளிக் பண்ணியே பழகின கைக்கு அது வராது.

பதில் 3:
பீஸ்ட் அகாடமி இப்போதைக்கு வேண்டாம் என்பேன். நல்ல பாடம்தான். ஆனால் காமிக்ஸ் வழியாகப் போவதால் வாசிப்பு அதிகம், புதிர்களும் கடினம். வகுத்தலிலேயே தடுமாறும் பிள்ளைக்குக் கணக்கோடு ஆங்கிலமும் சேர்ந்து சுமையாகும்.

அமெரிக்கப் பாடங்களில் எண்ணுக்கு மூன்று இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி: 1,234,567. நம்மூரில் 12,34,567. லட்சம், கோடி, மீட்டர், கிலோ எல்லாவற்றுக்கும் தமிழ்நாடு சமச்சீர்ப் பாடப் புத்தகத்தின் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வையுங்கள். தமிழ்க் கலைச்சொற்களும் அதில் கிடைக்கும்.

பணம் கட்டிச் சேர்ப்பதானால் முதலில் ஒரு மாதம் மட்டும். தவறான விடைக்கு அது என்ன செய்கிறது என்று வேண்டுமென்றே தப்பாகப் போட்டுப் பாருங்கள். 'மீண்டும் முயற்சி செய்' என்று மட்டும் சொன்னால் காசுக்குக் கேடு. எந்தப் படியில் பிசகியது என்று காட்டணும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். வங்கி 24 மணி நேரம் முன்பு அனுப்பும் குறுஞ்செய்தியைப் பலரும் கவனிப்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. வீடியோ பார்க்காமல் நேராகப் பயிற்சிக்குப் போகிறாள், விடலாமா?

பதில் 2:
விடுங்க. ரெண்டு தப்பு வந்த பிறகு வீடியோவுக்கு அனுப்புங்க. அப்பதான் காது கொடுத்துக் கேட்பா.