உதவி: விசாரிக்கிறார்கள், வேலை தருவதில்லை. சேவையை எப்படித்தான் விற்பது?

பழையகல்லா
அவசரம். முன்பு பொருள் விற்றேன், நன்றாகவே ஓடியது. ஆறு மாதமாக சர்வீஸ் தொழில். விளம்பரம் பார்த்து ஃபோன் வருகிறது, பத்தில் ஒன்றுதான் வேலையாகிறது. 40 சதவீதம் தள்ளுபடி போட்டேன். ஃபோன் கூடியது, வேலை கூடவில்லை. பொருளுக்குச் செய்த எல்லாமே செய்துவிட்டேன். எங்கே தப்பு?

மொட்டைமாடி
என்ன சர்வீஸ்? முடி வெட்டுவதா, வக்கீல் வேலையா? அதைச் சொல்லாமல் என்ன பதில் வரும்?

நட்சத்திரக்காரன்
எதுவாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: ரிவ்யூ. வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஏழாம்பாடம்
இங்கே மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது, நானும் அலுக்காமல் சொல்கிறேன். பொருள், விலை, இடம், விளம்பரம் என்ற நான்கு 'பி'யை (ஆங்கிலத்தில் நான்கும் P-யில் தொடங்கும்) 1960-இல் மார்க்கெட்டிங் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்தார். சேவைக்கு அது போதாது என்று 1981-இல் பூம்ஸும் பிட்னரும் மூன்றைச் சேர்த்தார்கள்: ஆட்கள், செயல்முறை, கண்ணுக்குத் தெரியும் சான்று. நீங்கள் நான்கோடு நின்றுவிட்டீர்கள். அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

மொட்டைமாடி
படித்தவர் இங்கே ஏன் கேட்கப்போகிறார் சார்.

பழையகல்லா
மன்னிக்கவும், ஏசி சர்வீஸ். இரண்டு பேர் வேலைக்குப் போகிறார்கள்.

கேஜ்அண்ணன்
இதே தொழிலில் இருக்கிறேன் தம்பி. முதலில் அந்தத் தள்ளுபடியை எடு. பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம், அதனால் விலை குறைந்தால் லாபம் என்று தோன்றும். நம் வேலையை வாங்கும் முன் பார்க்க முடியாது. ஏன், முடிந்த பிறகும் பாதிப் பேருக்குத் தெரியாது: ஏசியைக் குளிரவைக்கும் கேஸ் நிஜமாகவே குறைவாக இருந்ததா, நாம் சும்மா சொன்னோமா? பார்த்து எடைபோட ஒன்றும் இல்லாதபோது விலையைத்தான் தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பாதி விலை என்றால், 'வந்த பிறகு வேறு எதிலாவது பிடுங்குவான்' என்று நினைக்கிறார்கள்.

அதனால் பார்க்க முடியாததைப் பார்க்கும்படி செய். கழுவும் முன்னும் பின்னும் காயிலை, அதாவது ஏசிக்குள் இருக்கும் குழாய்ச் சுருளைப் படம் எடு. கேஸ் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ரீடிங்கை வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டு. யார் வருகிறார், எத்தனை மணிக்கு என்று முந்தின நாளே பெயரோடு அனுப்பு. சொன்ன நேரத்துக்கு ஆள் போய் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த விளம்பரம்.

தள்ளுபடி வேண்டுமென்றால் ஆள் சும்மா இருக்கும் நேரத்துக்கு மட்டும் கொடு. இன்று வீணான ஒரு மணி நேரத்தை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது, அது பொருள் இல்லை.

அது சரி, ஃபோனை யார் எடுக்கிறார்?

ஏழாம்பாடம்
இவர் சொன்னது நான் சொன்ன 'கண்ணுக்குத் தெரியும் சான்று'தான். தொட முடியாமை, பிரிக்க முடியாமை (தருபவரும் பெறுபவரும் சேர்ந்தே இருக்க வேண்டும்), ஒரே சீராக இராமை, சேமிக்க முடியாமை. சேவையின் நான்கு குணங்கள்.

ஈரச்சட்டை
சலவைக்குப் போட்ட சட்டை பக்கத்தில் நான் நிற்க வேண்டுமா என்ன? அங்கே பிரிக்க முடிகிறதே. ஏடிஎம் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பணம் தருகிறது. அந்த நான்கும் எல்லாச் சேவைக்கும் பொருந்தாது என்று 2004-லேயே லவ்லாக், கும்மெசன் என்ற மார்க்கெட்டிங் ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள்.

ஏழாம்பாடம்
விதிவிலக்கைக் காட்டி விதியை உடைக்க வேண்டாம்.

ஈரச்சட்டை
இவ்வளவு விதிவிலக்கு இருந்தால் அதற்குப் பெயர் விதியா?

நட்சத்திரக்காரன்
ரிவ்யூவைப் பற்றி யாரும் பேசவில்லை.

மொட்டைமாடி
அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். ஏசிக்கு ஒவ்வொரு வருடமும் கேஸ் நிரப்ப வேண்டுமா? எங்கள் வீட்டுக்கு வருபவர் நிரப்புகிறார்.

கேஜ்அண்ணன்
வேண்டாம். அது மூடிய சுற்று, ஓடினால் தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ கசிகிறது, அதை அடைக்காமல் நிரப்பினால் திரும்பவும் போகும். இப்படிச் செய்பவர்களால்தான் நம்மை யாரும் நம்புவதில்லை. பழையகல்லா, ஃபோன்?

ஏழாம்பாடம்
இழை திசை மாறுகிறது.

பழையகல்லா (மூன்று நாள் கழித்து)
அக்கா பையன் எடுத்துக்கொண்டிருந்தான். எது கேட்டாலும் 'வந்து பார்த்தால்தான் தெரியும்' என்று சொல்லி வைத்துவிடுகிறானாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது. இப்போது நானே எடுக்கிறேன். எதற்கு எவ்வளவு ஆகும், எது பார்த்த பிறகு தெரியும் என்று பிரித்துச் சொல்கிறேன். நேற்று ஐந்தில் மூன்று. தள்ளுபடியை எடுத்துவிட்டேன். நன்றி அண்ணே.

மொட்டைமாடி
நல்லது. வேலை கூடி நீங்களும் கிளம்ப வேண்டி வந்தால் ஃபோனை யார் எடுப்பார்?

நட்சத்திரக்காரன்
அந்த மூன்று பேரிடம் ரிவ்யூ கேட்டீர்களா?